குளிர்கால பூட்ஸுக்குள் ஒரு விடைத்தாள்

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு போன் அடித்தால் அது சென்னைதான். நாங்கள் இங்கே ஸ்டுட்கார்ட்டில் காபி போட்டுக்கொண்டிருக்கும் நேரம், அங்கே மதியச் சாப்பாடு முடிந்து, மனசில் உள்ளதைப் பேச உட்காரும் நேரம். போன மாதம் அழைத்தவர் என் வீட்டுக்காரரோடு பெருங்குடியில் வேலை பார்த்த தம்பி.

"அக்கா, ஜெர்மனியில ஆஃபர் வந்திருக்கு. இங்க வாங்குறதோட பார்த்தா கொஞ்சம் கம்மிதான். ஆனா யூரோ இல்லையா? மாசம் எவ்வளவு மிஞ்சும்க்கா?"

"மிஞ்சுறது இருக்கட்டும் தம்பி. எதுக்கு வர்றீங்க?"

"வேற எதுக்கு? பசங்களுக்காகத்தான்."

கோபம் வந்துவிட்டது எனக்கு. பாதி அவர் மேல், பாதி என் மேல். 2019 ஆகஸ்டில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதபோது நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அப்போது என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்குப் பதின்மூன்று. இரண்டு பேரும் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கு மட்டுமில்லை. ஆஃபர் கடிதத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரளும் எல்லா அப்பா அம்மாவுக்கும்தான். கொஞ்சம் திட்டுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெருக்கல் வாய்ப்பாட்டை விடுங்கள். எங்களுக்கு வந்தது வருடம் 62,000 யூரோ. அப்போது யூரோ எழுபத்தெட்டு ரூபாய் சொச்சம். நாற்பத்தெட்டு லட்சம்! சொந்தக்காரர்கள் மத்தியில் அந்த எண் தீபாவளி வாணம் மாதிரி மேலே போனது. சென்னையில் என் வீட்டுக்காரர் வாங்கியது முப்பது லட்சம்தானே என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆனால் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு எல்லாம் பிடித்தது போக மாதம் கைக்கு வந்தது 3,500 யூரோவை ஒட்டித்தான். அதில் வெந்நீர், ஹீட்டிங் சேர்த்து வீட்டு வாடகை மட்டும் 1,450.

யூரோவை எழுபத்தெட்டால் பெருக்குவது வங்கிக்குச் சரி. காய்கறிக் கடைக்குச் சரிவராது. இந்தியாவில் ஒரு ரூபாய் எதை வாங்கும், ஜெர்மனியில் ஒரு யூரோ எதை வாங்கும் என்று ஒப்பிட்டுப் பொருளாதாரக்காரர்கள் போடும் வாங்கும் திறன் கணக்கில், ஒரு யூரோ முப்பது ரூபாயை ஒட்டித்தான் நிற்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் 3,500 யூரோ, சென்னையில் நாங்கள் இருந்த மேடவாக்கத்தில் ஒரு லட்சம். அங்கே அவர் சம்பளமும் என் பள்ளிக்கூடச் சம்பளமும் சேர்ந்து கையில் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது. ஆக, சம்பள உயர்வு என்று ஊர் வாழ்த்தியது, வீட்டைப் பொறுத்தவரை பாதிச் சம்பளம்.

இதைத் தெரிந்துகொண்டு வந்தால் தப்பில்லை. தெரியாமல் வந்துவிட்டு, ஒவ்வொரு முறை முடி வெட்டும்போதும் ரூபாயில் பெருக்கி நெஞ்சைப் பிடித்துக்கொள்வதுதான் தப்பு. பல வாடகை வீடுகளில் சமையல்மேடை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எதுவும் இருக்காது, வெறும் சுவரும் குழாய் முனையும்தான் இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முன்பணம் மூன்று மாத வாடகை, அதற்கு மேல் சமையலறையே விலைக்கு. டிவி இல்லாத வீட்டுக்கும் ஒளிபரப்புக் கட்டணம் உண்டு, இப்போது மாதம் 18.36 யூரோ. இதெல்லாம் சில்லறைதான். மேடவாக்கம் ஃபிளாட்டின் இஎம்ஐ முப்பத்தெட்டாயிரமும் மாதாமாதம் இங்கிருந்து போகும்போது சில்லறையும் வலிக்கும்.

சரி, இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். தம்பி என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினார். வாடகை, வரி வகுப்பு, காருக்கு லைசென்ஸ், பிள்ளைகள் உதவித்தொகை (2025இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 255 யூரோ) எல்லாம் கேட்டார். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானே கேட்டேன். "அவங்களுக்கென்னக்கா, ப்ளூ கார்டு வச்சிருக்கிறவங்க மனைவி முதல் நாள்லேர்ந்தே வேலை பார்க்கலாமாமே" என்றார்.

அன்று ராத்திரி அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு செய்தி. "அக்கா, அவர்கிட்ட சொல்லாதீங்க. நான் பல் டாக்டர். எனக்கு அங்க வேலை கிடைக்குமா?"

இந்த ஒரு கேள்வியை அவள் ஏன் கணவனுக்குத் தெரியாமல் ஊர் பேர் தெரியாத என்னிடம் கேட்க வேண்டும்? யோசியுங்கள், அப்பாக்களே. வேலை அனுமதி வேறு, தொழில் அனுமதி வேறு. முதல் நாளிலிருந்தே அவள் வேலை பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் பல் டாக்டராகப் பார்க்க முடியாது. ஜெர்மன் மொழியை உயர்நிலை வரை படித்து, மருத்துவ மொழித் தேர்வு எழுதி, படிப்புக்கு இணைச் சான்று வாங்க வேண்டும். இணையில்லை என்று சொல்லிவிட்டால் பாடத்திலும் தேர்வு எழுத வேண்டும். வருடக்கணக்கான வேலை அது. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போட வேண்டியவள் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

என் கதையும் அதேதான். பதினொரு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இங்கே பள்ளி ஆசிரியர் என்றால் பொதுவாக இரண்டு பாடம் நடத்தத் தகுதி வேண்டும். எனக்கு இருந்தது ஒன்று. இப்போது ஒரு பள்ளியில் மதிய வேளையில் பிள்ளைகள் சாப்பிடுவதையும் விளையாடுவதையும் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் குழந்தைகளை எனக்குப் பிடிக்கும், வேலையில் குறையில்லை. ஆனால் 'பசங்களுக்காக' என்ற கணக்கில் என் பதினொரு வருடமும் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் நாங்களே. நானும்தான் கூட நின்று போட்டேன்.

இனி பசங்கள். மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள் மகள். மொழி தெரியாத பிள்ளைகளுக்கென்று தனி ஆயத்த வகுப்பு இருந்தது. ஏழு மாதத்தில் வாயைத் திறக்க ஆரம்பித்தாள், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். பாதி ஜெர்மனைக் கம்ப்யூட்டர் திரையில்தான் கற்றாள். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிந்துவிடும். பத்து வயதில் பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் பரிந்துரைப்பார். பல்கலைக்கழகம் நோக்கிப் போகும் கிம்னாசியம், நடுவில் ரியால்ஷூல, அப்புறம் தொழில் பக்கம் போகும் பள்ளிகள். 2021 பிப்ரவரியில் அவளுக்கு ரியால்ஷூல என்று வந்தது.

எனக்கு என்னவோ பிள்ளை பெயிலாகிவிட்ட மாதிரி இருந்தது. ஊருக்குப் போன் செய்யவில்லை ஒரு வாரம். இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் "எந்த ஸ்கூல்?" என்ற கேள்வி ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி வரும். ரியால்ஷூல முடித்தவர்களும் பிறகு மேல்படிப்புக்கு மாறலாம், வழி அடைபடுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது. நீட் கோச்சிங்கிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றக் கூட்டி வந்தவள், பத்து வயதுக் குழந்தைக்கு என் முகத்தாலேயே ஒரு நுழைவுத் தேர்வு வைத்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் முடிந்து பூட்ஸ்களைத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைக்கும்போது, அவளுடைய இடது பூட்ஸுக்குள் நாலாக மடித்த ஒரு தாள். கணக்கு விடைத்தாள். சிவப்பு மையில் 3. இங்கே 1 தான் மிக நல்லது, 6 மோசம். 3 என்றால் 'திருப்தி' என்று அர்த்தம், யாரும் பிள்ளையைத் திட்டாத மதிப்பெண். ஏன் ஒளித்தாய் என்று கேட்டேன். அவள் தமிழிலேயே சொன்னாள்: "எனக்காகத்தானே அப்பா சம்பளம் கம்மியாச்சு, நீ டீச்சர் வேலையை விட்ட. அப்புறம் நான் 3 வாங்கினா?"

மீனம்பாக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து கேட்டது, ஒன்றரை வருடம் அவளுக்குள் வட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கடன் வாங்கியவர்கள் நாங்கள். பத்திரம் எழுதியது அவள் பெயரில்.

போகாதவர்களையும் விடப்போவதில்லை. "பசங்க படிப்புக்காகத்தான் அந்த வாய்ப்பையே வேண்டாம்னு விட்டேன்" என்று பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு நினைவூட்டும் அப்பாக்களும் இதே பத்திரத்தைத்தான் எழுதுகிறார்கள். முகவரி மட்டும் வேறு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2019இல் நாங்கள் ஏன் வந்தோம்? அவருக்கு ஓஎம்ஆர் டிராபிக்கும் ராத்திரி பதினொரு மணி கான்ஃபரன்ஸ் காலும் சலித்துவிட்டது. வெளிநாட்டில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை. எனக்கு மாமியார் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் தேவைப்பட்டது. (இதைப் படித்தால் அத்தை மன்னிக்க வேண்டும்.) இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பெரியவர்களுக்கு ஆசை இருக்கக் கூடாதா? அந்த ஆசையைப் பிள்ளைகள் தலையில் சுமத்தி விமானம் ஏற்றியதுதான் வெட்கம். "அப்பாவுக்கு வேறு ஊர் பார்க்க ஆசை, உன்னையும் கூட்டிப் போகிறோம், உனக்குக் கஷ்டமாக இருக்கும், அதற்கு நாங்கள் பொறுப்பு" என்று ஒரு எட்டு வயதுக் குழந்தையிடம் சொல்லலாம். அதற்குப் புரியும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும். அவன் கிரிக்கெட் டீமை விட்டுவிட்டு வந்தான். ஒரு வார்த்தை அவனைக் கேட்கவில்லை நாங்கள்.

தாத்தா பாட்டியைப் பற்றி நீளமாக எழுத எனக்குத் தைரியம் இல்லை. சுற்றுலா விசாவில் வந்தால் நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள் இருக்கலாம், அவ்வளவுதான். 2024 மார்ச்சிலிருந்து முதல் அனுமதி வாங்கும் திறன்பணியாளர்கள் பெற்றோரை நீண்டகாலம் தங்க அழைக்க வழி திறந்திருக்கிறார்கள். ஆனால் எழுபது வயதுக்காரருக்கு மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும், அங்கேதான் இடிக்கும். என் அப்பா போனபோது நான் வீடியோவில் இருந்தேன். இந்த வரவு செலவை யாருக்காகவும் யாரும் போட்டுத்தர முடியாது. நீங்களே உட்கார்ந்து போடுங்கள், ஆனால் ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்பு போடுங்கள்.

இத்தனை சொல்கிறவள் ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்பீர்கள். கிடைத்ததும் இருக்கிறது. அவர் மாலை ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறார். வருடத்துக்கு முப்பது நாள் விடுமுறை. அதை எடுக்காவிட்டால் மேலாளர் கூப்பிட்டு ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறார். மகள் ஒன்பது வயதில் தனியாக நடந்து பள்ளிக்குப் போனாள், தனியாக நகர ரயிலில் நூலகத்துக்குப் போனாள். அவருடைய காப்பீட்டிலேயே நாங்கள் மூன்று பேரும் கூடுதல் பணமில்லாமல் சேர்ந்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். முதல் வருடம் அது எரிச்சல், இப்போது அதுதான் வாரத்திலேயே நல்ல நாள்.

குறைந்த சம்பளத்தில் நாங்கள் வாங்கிய சரக்கு இந்த நேரம்தான். அதை என்ன செய்கிறோம்? எனக்குத் தெரிந்த பல அப்பாக்கள் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, ஊரில் வாங்கப்போகும் இரண்டாவது ஃபிளாட்டுக்கு லோன் பார்க்கிறார்கள். விடுமுறையெல்லாம் சேர்த்துவைத்து மூன்று வாரம் சென்னை போய் கல்யாணம், காதுகுத்து என்று ஓடிவிட்டுக் களைத்துத் திரும்புகிறார்கள். பாதிச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய நேரத்தை அப்படியே தூக்கிப் போடுவதற்கு, பெருங்குடியிலேயே முழுச் சம்பளத்தோடு இருந்திருக்கலாமே! டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும். அந்த இருட்டில் ஒரு வீட்டுக்குள் நான்கு பேர் நான்கு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எந்தச் சம்பளமும் ஈடில்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தவிர, தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "திங்கட்கிழமை ஹெச்ஆருக்குப் பதில் சொல்லணும்க்கா" என்றார்.

"சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒரு பேப்பரை எடுத்து, யாருக்கு என்ன வேணும், யார் எதை விடுறாங்கன்னு எழுதுங்க. நீங்க எழுதாதீங்க, உங்க மனைவி கையால எழுதச் சொல்லுங்க. பாப்பாவையும் கேளுங்க. 'பசங்களுக்காக'ன்னு ஒரு வரி வந்தா அடிச்சிடுங்க."

"அவ என்னக்கா எழுதப்போறா, அவளுக்கு ஓகேதான்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை போய் மூன்று வாரம் ஆகிறது. தம்பி இன்னும் கூப்பிடவில்லை. நேற்று ராத்திரி அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது: "மாக்ஸ் முல்லர் பவன்ல ஜெர்மன் ஏ1 கிளாஸ் சேர்ந்துட்டேன்க்கா. நாங்க வர்றோமான்னு இன்னும் முடிவாகலை. அவருக்கும் இன்னும் சொல்லலை."