பதில் தெரிந்தே கேட்கிற கேள்வி

பொம்மை லாரியைக் கையில் எடுத்து, "இது என்ன கலர்?" என்று டீச்சர் கேட்கிறார். பிள்ளை வாயே திறக்கவில்லை. லாரி டீச்சர் கையில்தான் இருக்கிறது, அவருக்குக் கண்ணும் நன்றாகத் தெரிகிறது. பிறகு எதற்குக் கேட்கிறார்?

அமெரிக்காவின் தென்கிழக்கில், கரோலினா மாநிலங்களின் பீட்மான்ட் பகுதி. நெசவாலைகள் நிறைந்த ஊர்கள். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார ஆரம்பித்திருந்த 1960-களின் கடைசி. 'சின்னக் கேள்விக்குக்கூட இந்தப் பிள்ளைகளுக்குப் பதில் வரவில்லை' என்பது ஆசிரியர்களின் புகார். 'வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளை அங்கே போனதும் ஏன் ஊமையாகிறது?' என்பது பெற்றோரின் கவலை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர் வைப்பது ரொம்ப சுலபம். வைத்துவிட்டால், பள்ளி முடியும்வரை அது கூடவே வரும்.

ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலாளர் அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை எதுவும் வைக்கவில்லை. அவர்களுடைய வீடுகளுக்குப் போனார். 1969-லிருந்து 1978 வரை, அக்கம்பக்கத்து மனுஷியாகவே பழகி, யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருந்தார். இனவரைவியல் என்று இதற்குப் பெயர். ஒரு கூட்டத்தாரோடு நீண்ட காலம் கலந்திருந்து, அவர்களின் அன்றாடத்தை அவர்கள் பார்க்கிறபடியே பார்த்து எழுதுவது.

டிராக்டன் என்று அவர் புனைபெயரிட்ட கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில் ஒன்று தெரிந்தது. அங்கே பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளையிடம் கேட்பது அரிது. 'இது எதைப் போல இருக்கு?' என்று கேட்பார்கள். பிள்ளையும் பிரமாதமாக ஒப்பிட்டுச் சொல்லும். பொருளின் பெயர், நிறம், எண்ணிக்கை பற்றிய கேள்விகள் பள்ளியில்தான் வந்தன. உத்தரவும் அப்படித்தான். கத்தரிக்கோலைக் கண்ட இடத்தில் போட்டால், 'இது கத்தரிக்கோல் வைக்கிற இடமா?' என்று டீச்சர் நயமாகக் கேட்பார். 'எடுத்து வை' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்!

பக்கத்திலேயே, ரோட்வில் என்று அவர் பெயரிட்ட வெள்ளையினத் தொழிலாளர் குடியிருப்பு. அங்கே தூங்கும்முன் கதை வாசித்துக் கேள்வியும் கேட்பார்கள். ஆரம்ப வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கெட்டி. ஆனால் கதை என்றால் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும், இட்டுக்கட்டினால் பொய் என்பது வீட்டுச் சட்டம். அதனால், கற்பனையாக எழுதச் சொல்கிற மேல் வகுப்புகளில் தடுமாறினார்கள்.

ஹீத் செய்ததில் பெரிய காரியம், நோட்டுப் புத்தகத்தை ஆசிரியர்கள் கையிலும் கொடுத்ததுதான். சொந்தப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறோம் என்று அவர்கள் குறித்துப் பார்த்தார்கள். பதில் தெரிந்தே கேட்கிற கேள்விகள் குவிந்து கிடந்தன. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தார்கள். அது தங்கள் வீட்டு வழக்கம் மட்டுமே என்பது அப்போதுதான் உறைத்தது.

வகுப்பு மாறியது. பிள்ளைகளின் சொந்த ஊர்ப் படங்கள் வந்தன. 'இங்கே என்ன நடக்குது? நீ போயிருக்கியா? இது எதைப் போல இருக்கு?' என்று கேட்டதும் ஊமைகள் பேசினார்கள். அதை டேப்பில் பதிவு செய்து, பள்ளிக்கூடக் கேள்விகளையும் பதிலோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு வகைக் கேள்வியும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. ஒரு 5-ம் வகுப்பில் மாணவர்களே ஆராய்ச்சியாளர்கள் ஆனார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்த பையன்கள் ஊர் விவசாயிகளிடம் பயிர் வளர்க்கும் முறையைக் கேட்டு எழுதி, அதை அறிவியல் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்.

இவையெல்லாம் 1983-ல் 'வேஸ் வித் வேர்ட்ஸ்' என்ற புத்தகமாக வந்தன. ஆசிரியர்களாகப் போகிறவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். ஆனால் அதன் கடைசிப் பக்கங்கள் வருத்தமானவை. மேலிடத்துக் கட்டுப்பாடும் மதிப்பெண் பரீட்சைகளும் பெருகி, ஆசிரியர்கள் இப்படிச் செய்து பார்க்க இடமில்லாமல் போனது. புத்தகம் வெளிவந்த நேரத்தில் அந்தப் பகுதி வகுப்பறைகளில் இந்த முறை ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது.