காவல்காரன் இல்லாத வீடு

தாதர் ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். மாலை 6 மணி. அந்த நேரத்து தாதரைப் பற்றி மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒரு தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளலாம். சாமி மட்டும் இருக்காது. பின்னாலிருந்து ஒரு பையன் "அங்கிள், சப்பல்!" என்று கத்தினான். வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று மேலும் நாலு படி ஏறினேன். அவன் ஓடி வந்து என் கையைத் தொட்டுக் கீழே காட்டினான். பத்துப் பன்னிரண்டு படிகளுக்குக் கீழே, நூறு கால்களுக்கு நடுவில் என் இடது கால் செருப்பு கிடந்தது. அத்தனை படிகளையும் ஒரு கால் வெறுங்காலாக ஏறியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

இது நடந்தது 2018-ல். வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். மனைவியும் சிரித்தாள். ஞாபகமறதி என்று முடிவு கட்டினோம்.

ஐந்து மாதம் கழித்து அந்தச் சிரிப்பு நின்றது. மாதுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் காலை நடையை முடித்து வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, சமையலறை வரை போய்க் காப்பியை வாங்கிக்கொண்டு கூடத்தில் பேப்பருடன் உட்கார்ந்தேன். "என்னங்க, எங்கே அடிபட்டது?" என்றாள் மனைவி. எங்கும் அடிபடவில்லை என்றேன். அவள் தரையைக் காட்டினாள். வாசலிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து என் நாற்காலிக்கும் மொசைக் தரையில் சிவப்பாக ஒரே காலின் தடங்கள். ஷூவுக்குள் மொச்சைக் கொட்டை அளவில் ஒரு சரளைக்கல் இருந்தது. முக்கால் மணி நேரம் அதன் மேல் நடந்திருக்கிறேன். பெருவிரலுக்கு அடியில் அது ஒரு குழியே தோண்டிவிட்டது.

புண் ஆற இரண்டரை மாதம் ஆயிற்று. இன்னும் பத்து நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். அவர்தான் என் கால்களை முதன்முதலில் முறையாகச் சோதித்தவர். தூண்டில் நரம்பு போல் ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தொடும்போதெல்லாம் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "முடிந்துவிட்டது" என்றார்.

பெரிஃபெரல் நியூரோபதி என்று எழுதிக் கொடுத்தார். முதுகெலும்புக்கு வெளியே கை கால்களுக்கு ஓடும் நரம்புகள் கெட்டுப்போவது. எனக்குக் காரணம் சர்க்கரை. அப்போது அது வந்து 14 வருடம் ஆகியிருந்தது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் இடுப்புப் பக்கத்திலிருந்து கால் விரல் நுனி வரை போகிறவை. கிட்டத்தட்ட ஒரு மீட்டர். நீளமானவையே முதலில் கெடுகின்றன. அதனால்தான் இது பாதத்தில் தொடங்கி, சாக்ஸ் போடுவதுபோல் மெல்ல மேலே ஏறுகிறது. முழங்கால் அருகே வரும்போது கை விரல்களிலும் ஆரம்பிக்கிறது.

மரத்துப்போனால் வலியாவது இருக்காதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அங்கேதான் வேடிக்கை. கெட்டுப்போன டெலிபோன் நினைவிருக்கிறதா? வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் அடிக்காது. நள்ளிரவில் யாரும் கூப்பிடாமலே தானாக அடிக்கும். என் கால்களும் அப்படித்தான். கல் குத்தினால் தெரியாது. ஆனால் இரவு 11 மணிக்குப் படுத்தால் உள்ளங்கால் தணலில் வைத்ததுபோல் எரியும். போர்வை பட்டாலும் தாங்காது. எறும்பு ஊரும், திடீரென்று ஊசி பாயும். இதற்கு மாத்திரைகள் இருக்கின்றன. எரிச்சலைக் குறைக்கின்றன. போன உணர்வைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. முதலில் இந்த வித்தியாசத்தை நானும் புரிந்துகொள்ளவில்லை. எரிச்சல் குறைந்ததும் குணமாகி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கைகளின் கதை வேறு. சட்டைப் பித்தானைப் பார்க்காமல் போட முடியாது. பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வெளியே கொட்டிக் கண்ணால் பொறுக்க வேண்டும். காப்பி டம்ளர் சுடுகிறதா என்று விரலைக் கேட்டுப் பயனில்லை. உதட்டைத்தான் கேட்க வேண்டும். குளிக்கும்போது முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஆடும். நாம் நேராக நிற்கிறோமா என்பதைக் கால்கள்தான் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றனவாம். அவை பேசாமலிருந்தால் கண்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கண்ணையும் மூடிவிட்டால் பிடித்துக்கொள்ளச் சுவர் வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறீர்கள்!" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

வலி என்பது ஒரு காவல்காரன் என்பதை இந்த நாட்டில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்றே அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்ட் உட்கார்ந்து கவனித்தார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு சின்னப் பையன், நோயாளி, சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பித் திறந்துவிட்டான். இவனுக்கு இவ்வளவு பலமா என்று கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியும்படி கிழிந்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. இரவில் படுத்தவர்களின் விரல் காலையில் காணாமல் போவதற்கும் காரணம் கிடைத்தது. எலிகள். கடிபட்டவர் விழித்துக்கொள்ளவில்லை. பிறகு, வீட்டுக்குப் போகும் நோயாளிகளுடன் பூனையையும் அனுப்பி வைத்தார்கள். சதையைக் கெடுத்தது நோய் அல்ல, வலி இல்லாததுதான்.

இங்கிலாந்தில் ஒரு முறை, நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு இரவில் சாக்ஸைக் கழற்றியபோது பிராண்டுக்குத் தன் குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று தோன்றியது. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். உயிர் போகிற மாதிரி வலித்தது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் அடைந்த சந்தோஷத்தை 1993-ல் பிலிப் யான்சியுடன் சேர்ந்து வலியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் விவரித்திருக்கிறார்.

1966-ல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணும் இதே கதைதான் என்று அங்கே எடுத்துச் சொன்னார். வேலூர் வட்டாரத்தில் தொழுநோயாளிகளுக்காக உருவாக்கிய மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்று நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்; வீட்டுக்குள்ளும்.

அவர் தோற்றுப்போன கதை ஒன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வலி இல்லாதவர்களுக்கு ஒரு செயற்கை வலியைச் செய்து கொடுக்கப் பார்த்தார். கையுறையிலும் சாக்ஸிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகள். அழுத்தம் மிஞ்சினால் காதில் சத்தம் கேட்கும். நோயாளிகள் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி கொடுக்கும்படி மாற்றினார்கள். ஏதாவது வேலையை முடிக்க வேண்டுமென்றால் அவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டு முடித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அணைக்க முடியாமல் இருப்பதுதான் வலியின் பெருமை என்று அப்போது விளங்கியது.

நம் கதையும் இதுதான். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று கணக்கிட்டது. இதில் எத்தனை பேருடைய கால்களை வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது பார்க்கிறார்கள்? சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்கிறோம். பல கிளினிக்குகளில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். வெறுங்காலோடு டாக்டர் முன்னால் உட்காருகிறோம். அப்படியும் மேஜைக்கு அடியில் இருப்பதை அவரும் பார்ப்பதில்லை, நாமும் காட்டுவதில்லை. 14 வருடம் நான் அப்படித்தான் போய் வந்தேன். அந்த நைலான் இழைச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

சர்க்கரை மட்டும் காரணம் இல்லை. மது, சில புற்றுநோய் மருந்துகள், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு என்று பட்டியல் நீளம். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உலகில் வருடந்தோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். தோலில் உணர்வில்லாத தேமல் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவாலும் கை கால் மரக்கும். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியோ மாத்திரையோ போதும். அதற்காகக் கடையில் கேட்டு வைட்டமின் மாத்திரைகளை நாமே விழுங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

காவல்காரன் போய்விட்ட வீட்டில் நாம்தான் முறை வைத்துக் காவல் காக்க வேண்டும். ஷூவைத் தட்டி, உள்ளே கையை விட்டு, கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். வெந்நீரைக் காலால் சோதிப்பதில்லை, முழங்கையால் சோதிக்கிறேன். கால் ஆணியை பிளேடால் சீவுவதில்லை. நகத்தை நேராக வெட்டுகிறேன், ஓரங்களைக் குடைவதில்லை. புதுச் செருப்பை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குகிறேன். கழுவினால் விரலிடுக்கைத் துடைக்கிறேன். சித்திரை மாதப் பகலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதில்லை. காலை 7 மணிக்கே போய்விடுகிறேன், பருத்தி சாக்ஸோடு. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சமையலறையில் நிற்கும் பெண்களுக்கு இன்னும் ஒன்று: துணியை நம்பாதீர்கள், இடுக்கியை நம்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் இரவில் இரண்டு பாதங்களையும் அடிவரை பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க எனக்கு வயிறு இடம் கொடுப்பதில்லை. கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கொஞ்ச நாள் பார்த்தேன். ஒரு நாள் மனைவி கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கால் ஊன்றக் கூடாது என்று இரண்டரை மாதம் கிடந்தபோது பட்டதைவிட, இன்னொருவர் கையில் பாதத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது கஷ்டமாக இருந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இப்போது 9 மணிச் செய்தி முடிந்ததும் அது நடக்கிறது.

போன மாதம், பார்த்து முடித்து அவள் எழுந்தபோது, "உன் காலைக் காட்டு" என்றேன். "என் காலைப் போய் நீங்கள் தொடுவதாவது!" என்றாள். விடவில்லை. கல்யாணமாகி 36 வருடத்தில் அவள் உள்ளங்காலை நான் பார்த்ததில்லை. இரண்டு குதிகாலிலும் பாளம் பாளமாக வெடிப்பு. ஒரு வெடிப்பில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "எப்போதும் இருப்பதுதானே" என்றாள். என் விரலுக்கு ஆழம் தெரியாது. விளக்கைப் போட்டு, பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மெதுவாக அழுத்தினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வலிக்கிறதா?"

"வலிக்காமல்?"

"நல்லது" என்றேன்.

என்ன மனுஷன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். மறுநாள் குதிகாலுக்குக் களிம்பு வாங்கி வந்தேன்.