சந்தேகம் சான்றாகுமா? பல்கலைக்கழக மோசடிகளும் வெளிநாட்டு மாணவர்களும்

2014 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சி, இலண்டனில் இயங்கிய பரீட்சை நிலையம் ஒன்றில் மறைவாகப் படமாக்கப்பட்ட காட்சிகளை ஒளிபரப்பியது. மாணவர் விசாவுக்கென நடத்தப்பட்ட ரோயிக் என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில், பதிவு செய்திருந்த மாணவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் அமர்ந்திருப்பதும், மேற்பார்வையாளரே விடைகளை உரக்க வாசிப்பதும் அக்காட்சிகளில் தெளிவாகத் தெரிந்தன. மோசடி நடந்தது உண்மை. அதனை ஒழுங்கு செய்தவர்களில் பலர் பின்னர் நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டதும் உண்மை.

ஆனால் அதன் பின்னர் நடந்தவையே இன்றுவரை பேசப்பட வேண்டியவை. பரீட்சையை நடத்திய அமெரிக்க நிறுவனமான ஈ.ரி.எஸ், 2011 ஆம் ஆண்டுக்கும் 2014 ஆம் ஆண்டுக்கும் இடையில் பிரித்தானியாவில் நடைபெற்ற 58,458 பரீட்சைகளை ஆராய்ந்து, 33,663 பெறுபேறுகள் செல்லுபடியாகாதவை என்றும் 22,476 பெறுபேறுகள் ஐயத்துக்குரியவை என்றும் அறிவித்தது. எஞ்சியவை வெறும் 2,319. நூற்றுக்கு 96 பேர் ஐயத்துக்குரியவர்கள் என்று ஒரு பட்டியல் கூறுமாயின், அந்தப் பட்டியலையே ஒருமுறை ஐயுறுவதுதான் பொது அறிவு. பிரித்தானிய உள்துறை அமைச்சு அவ்வாறு ஐயுறவில்லை. பட்டியலின் அடிப்படையில் விசாக்களை இரத்துச் செய்தது. தம்மீதான சான்று எதுவென்று கேட்ட மாணவர்கள் தமது குரற்பதிவைப் பெற்றுக்கொள்வதற்கே நெடுங்காலம் அலைய நேர்ந்தது.

தேசிய கணக்காய்வு அலுவலகம் 2019 ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட அறிக்கை, தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நியாயமற்ற முறையில் வெளியேற்றப்பட்டவர்களும் இவர்களுள் இருக்கக்கூடும் என்று கூறியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதிக்குள் 11,000 பேருக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருந்தனர். சுமார் 12,500 மேன்முறையீடுகள் விசாரிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 3,600 வழக்குகளில், வெவ்வேறு காரணங்களின் அடிப்படையில், மேன்முறையீட்டாளர்கள் வென்றிருந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பெருந்தொகையினர் தெற்காசியர்கள். பத்தாண்டுகள் கடந்து 2024 ஆம் ஆண்டிலும், தமது பெயர்மீதான களங்கத்தை நீக்கக் கோரி இவர்களுள் ஒரு பகுதியினர் போராடிக் கொண்டிருந்தனர்.

இந்தப் பழைய கதையை இப்போது மீட்டுப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அன்று ஓர் அமைச்சு செய்த தவற்றைத் தனித்தனியாகவும் ஓசையின்றியும் செய்யக்கூடிய நிலையில் இன்று பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன.

பல்கலைக்கழகங்களின் கவலை பொய்யானதன்று. 2014 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவுஸ்திரேலிய நாளேடுகள் மைமாஸ்டர் என்னும் இணையத்தளத்தை அம்பலப்படுத்தின. சீன மொழியில் விளம்பரம் செய்து, மாணவர்களின் ஒப்படைகளைப் பணத்துக்கு எழுதிக் கொடுத்த வணிகம் அது. பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் அதன் வாடிக்கையாளர்களாக இருந்தனர். இந்த வணிகம் எந்தவொரு மொழிக்கோ இனத்துக்கோ உரியதல்ல. கென்யாவின் நைரோபி நகரில், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞர்கள் இரவிரவாக விழித்திருந்து, தாம் ஒருபோதும் காலடி வைத்திராத அமெரிக்க, பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான கட்டுரைகளை எழுதித் தள்ளுகின்றனர். அறிவு ஓரிடத்தில் இருக்கிறது. சான்றிதழ் வேறோரிடத்தில் வழங்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் தரகர் நின்று பணம் பண்ணுகிறார். கட்டுரையை எழுதியவருக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கே.

சட்டங்கள் பிந்தியே வந்தன. நியூசிலாந்து 2011 ஆம் ஆண்டிலும், அயர்லாந்து 2019 ஆம் ஆண்டிலும், அவுஸ்திரேலியா 2020 ஆம் ஆண்டிலும் இவ்வணிகத்துக்கு எதிராகச் சட்டமியற்றின. பிரித்தானியாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகத் தலைவர்கள் 2018 ஆம் ஆண்டில் கூட்டாகக் கடிதம் எழுதிக் கேட்ட பின்னரும், இங்கிலாந்துக்கான தடை 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே சட்டமானது. இச்சட்டங்கள் கட்டுரையை விற்பவரையும் அதற்கு விளம்பரம் செய்பவரையும் இலக்கு வைக்கின்றன. வாங்கிய மாணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அது சரியான அணுகுமுறையே. வாங்கியவரைப் பல்கலைக்கழகம் தனது ஒழுக்காற்று விதிகளின்படி விசாரித்தால் போதுமானது. தண்டனை அதைவிடக் கடுமையானதாக இருந்தால் மாணவர் வாய் திறக்கமாட்டார். அவரது மௌனமே விற்பவரின் அடுத்த மூலதனமாகிறது. பணம் கொடுத்த மாணவரிடம், "உனது பல்கலைக்கழகத்துக்கு அறிவித்துவிடுவோம்" என்று மிரட்டி மீண்டும் பணம் பறிப்பது இத்தொழிலில் வழமையானது. பட்டம் பெற்று வேலைக்குச் சென்றவரையும் இம்மிரட்டல் தேடி வருகிறது.

இங்கே தமிழ்ச் சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. "எல்லோரும் செய்கிறார்கள்", "பகுதி நேர வேலையும் செய்துகொண்டு எப்படி எழுதுவது", "அண்ணன் எழுதிக் கொடுத்தால் என்ன பிழை" என்னும் பேச்சுகள் விருந்துகளிலும் ஒன்றுகூடல்களிலும் வெட்கமின்றிக் காதில் விழுகின்றன. காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்தின் அழுத்தம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் அதே ஈடு வைத்த காணியை நினைத்து இரவு முழுவதும் கண்விழித்துத் தானே எழுதிய மாணவரும் அடுத்த அறையில் இருக்கிறார். விலைக்கு வாங்கிய கட்டுரை முதலில் ஏமாற்றுவது விரிவுரையாளரை அன்று, அந்த மாணவரைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆயினும் சென்னையில் ஆயினும், ரியூசன் ஆசிரியர் தந்த குறிப்பைச் சொல் பிசகாமல் ஒப்புவித்தவருக்கே அதிக புள்ளி என்னும் நிலையில் பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய பிள்ளை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதலாவது ஒப்படையிலும் அதையே செய்கிறது. நேற்றுவரை திறமை எனப் பாராட்டப்பட்டது இன்று திருட்டு என்று அழைக்கப்படுகிறது. இது தமிழ் மரபின் குறையன்று. அண்மைக்காலப் பரீட்சைக் கல்வியின் குறை. தொல்காப்பியர் தமக்கு முந்தியவர்கள் இவ்வாறு கூறுவர் என்று நூல் முழுவதும் மீண்டும் மீண்டும் குறித்துச் செல்கிறார். நன்னூலார் முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல்களையே வகுத்துக் காட்டினார். எது தனது, எது முன்னோரது என்று பிரித்துச் சொல்லும் ஒழுக்கம் தமிழுக்கு மேற்கிலிருந்து வந்து சேர்ந்ததன்று. மேற்கோள் காட்டும் முறையை முதல் வாரத்தில் ஒரு மணித்தியாலம் சொல்லிவிட்டு, மூன்றாம் மாதத்தில் விசாரணைக்கு அழைக்கும் பல்கலைக்கழகங்கள் இதனைக் கற்பித்ததாகக் கூற முடியாது.

2022 ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிரி வெளிவந்த பின்னர் சிக்கல் வேறொரு வடிவம் எடுத்தது. பணம் கொடுத்து எழுதுவிக்க வேண்டிய தேவையே பெருமளவு அற்றுப்போயிற்று. அதனை எதிர்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் மற்றோர் இயந்திரத்தை நாடின. ரேணிற்றின் நிறுவனம் 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒரு கட்டுரையில் எவ்வளவு பகுதி செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என மதிப்பிடும் கருவியை அறிமுகப்படுத்தியது. எழுத்துத் திருட்டைக் கண்டறியும் பழைய மென்பொருள், எந்த வரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று மூலத்தை எடுத்துக் காட்டும். மாணவர் அதனைப் பார்த்து விளக்கம் சொல்லலாம். புதிய கருவி காட்டுவது ஓர் எண்ணை மட்டுமே. அந்த எண்ணுக்கு மறுமொழி சொல்வது எவ்வாறு?

அமெரிக்காவின் வன்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே இக்கருவியை நிறுத்தியது. அது சொன்ன கணக்கு எளிமையானது. 2022 ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் 75,000 ஒப்படைகளை அம்மென்பொருளுக்கு அனுப்பியிருந்தது. நூற்றுக்கு ஒன்று மட்டுமே தவறும் என்னும் நிறுவனத்தின் கூற்றை அப்படியே ஏற்றாலும், ஏறத்தாழ 750 ஒப்படைகள் பிழையாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கும். அதே ஆண்டில் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் எழுதிய 91 ரோபல் கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டுச் சோதித்தது. சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கட்டுரைகளை அக்கருவிகள் இயந்திரம் எழுதியவை என்றன. அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகளின் கட்டுரைகளிலோ அவை பெரும்பாலும் தவறவில்லை. 91 கட்டுரைகள் சிறிய தொகைதான். கருவிகளும் அதன் பின்னர் மாறியுள்ளன. ஆயினும் ஆய்வு காட்டிய காரணம் சிந்திக்க வைப்பது. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தெரிந்த சொற்களையே மீண்டும் கையாள்வார், வாக்கியத்தைப் பாதுகாப்பாக அமைப்பார். அந்த எச்சரிக்கையையே கருவி இயந்திரத்தின் சாயல் என எடுத்துக்கொள்கிறது.

இதன் விளைவு எல்லோருக்கும் ஒன்றாக அமைவதில்லை என்பதே விடயத்தின் மையம். ஒரே குற்றச்சாட்டில் ஒரே தண்டனையாக இரு மாணவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்படுவதாக வைத்துக்கொள்வோர், அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவர் ஓர் ஆண்டை இழந்து வேறிடத்தில் சேரக்கூடும் என்பதையும், விசாவில் வந்தவரின் கல்வி நின்றவுடன் அப்பல்கலைக்கழகம் குடிவரவுத் துறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவர் கல்வியையும், உள்நாட்டு மாணவரைவிடப் பன்மடங்காகச் செலுத்திய கட்டணத்தையும், தங்கியிருக்கும் உரிமையையும் ஒரே கடிதத்தில் இழக்க நேரிடும். விதி எல்லோருக்கும் சமம் என்று சொல்லும் விசாரணைக் குழுக்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பது அரிது. தண்டனை இத்தனை கனமானதாயின், அதற்கான சான்றும் அவ்வளவுக்குக் கனமானதாக இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. ஐயத்துக்கு இடமளிக்கும் ஒப்படையை எழுதிய மாணவரை அழைத்து அரை மணி நேரம் உரையாடினால், தானே எழுதினாரா என்பது அனுபவமுள்ள விரிவுரையாளருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும். அதற்கு ஆளும் நேரமும் தேவை; நூற்றுக்கணக்கானோரை ஒரே வகுப்பில் சேர்த்துக் கட்டணம் பெறும் நிறுவனங்கள் அந்தச் செலவையே தவிர்க்க விரும்புகின்றன. கண்டறியும் கருவி மலிவானது என்பதே அதன் கவர்ச்சி. மறுபுறம், பழைமையான விதிகளையும் மாற்ற முடியும் என்பதற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம் எடுத்துக்காட்டு. 1842 ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் நேர்மை விதி, மாணவர்களாலேயே நடத்தப்படுவது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் நிரந்தர நீக்கம் என்னும் ஒரே தண்டனையை நெடுங்காலம் கொண்டிருந்தது. 2022 ஆம் ஆண்டில் மாணவர்கள் வாக்களித்து அதனைத் தற்காலிக விலக்கலாகக் குறைத்தனர். மறு ஆண்டில், குற்றத்தின் அளவுக்கேற்பப் பலவகைத் தண்டனைகள் வழங்கும் முறையைக் கொண்டுவந்தனர். மோசடியை அவர்கள் மன்னித்துவிடவில்லை. தண்டனை ஒன்றேயாயின் அதற்கு அஞ்சிச் சக மாணவரைப் பற்றி முறையிடவும் தண்டிக்கவும் பலர் தயங்குவர் என்பதை அனுபவத்தில் கண்டனர்.

குற்றஞ்சாட்டப்பட்ட தமிழ் மாணவர்கள் பலர் செய்யும் முதற் பிழை, வீட்டுக்கும் சொல்லாமல், எவரிடமும் கேளாமல், மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்டுவிடுவதாகும். செய்யாத தவற்றுக்குக் கேட்கப்பட்ட அந்த மன்னிப்பே பின்னர் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்படலாம். கட்டுரையின் முன்வரைவுகள், கையெழுத்துக் குறிப்புகள், கோப்பு எப்போது எவ்வாறு மாற்றப்பட்டது என்பதைக் காட்டும் பதிவுகள் ஆகியவற்றை ஒவ்வொரு மாணவரும் பட்டம் கிடைக்கும்வரை பேணி வைத்திருத்தல் வேண்டும். தமக்கெதிரான சான்றை முழுமையாகக் காட்டுமாறு எழுத்தில் கேட்க வேண்டும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஒன்றியங்களின் ஆலோசகர்கள் பல்கலைக்கழக நிருவாகத்திலிருந்து விலகி நின்று உதவுவர். பெரும்பாலும் விசாரணைக்கும் உடன் வருவர்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளக மேன்முறையீடு தோல்வியுற்றால் கதை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. உயர்கல்விக்கான சுயாதீன நடுவர் அலுவலகத்துக்குக் கட்டணமின்றி முறையிடலாம். உள்ளக நடைமுறைகள் முடிவடைந்தன எனப் பல்கலைக்கழகம் வழங்கும் கடிதத்தின் திகதியிலிருந்து 12 மாதங்களுக்குள் அம்முறையீடு சென்றடைய வேண்டும். தமிழ்ப் பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் தமது ஆண்டு விழா மலர்களில் சித்தியடைந்தோரின் படங்களை அச்சிடும் பக்கத்துக்கு அருகில் இந்த விபரத்துக்கும் அரைப் பக்கம் ஒதுக்கலாம்.