விசுவாசம் கூலியன்று

“நம்பினாற் போதும், நற்செயல் வேண்டுவதில்லை.” விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் கிறித்தவக் கோட்பாட்டின் சாரம் இதுவேயெனப் பலர் கருதுகின்றனர். எதிர்ப்போர் இதனைச் சோம்பரின் சமயமெனப் பழிப்பர். ஏற்போருட் சிலரோ இதனையே தமக்குப் புகலாகக் கொள்வர். இருசாராரும் இழைப்பது ஒரே தவறாகும்.

இக்கோட்பாடு சீர்திருத்த இயக்கத்தின் உயிர்நாடியான சூழல் முதற்கண் நோக்கற்பாலது. 1517இல் மார்ட்டின் லூதர் தமது 95 கருத்துரைகளை வெளியிட்ட காலத்தில், ஜேர்மனியிற் பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுக்கள் பணத்துக்கு விற்கப்பட்டன. உரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்துக்கெனத் திரட்டப்பட்ட அப்பணத்தின் ஒரு பகுதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டின் கடனைத் தீர்க்கச் சென்றது. அருள் விலைப்பொருளாகிய அச்சந்தைக்கு எதிராகவே லூதர் கிளர்ந்தெழுந்தார். உரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தை ஆதாரமாகக் கொண்டு, மனிதன் இறைவன்முன் நிற்பது தன் ஈட்டத்தினாலன்று, அருளினாலேயே என நிறுவினார்.

அவர் செயலை ஒதுக்கினாரல்லர். 1520இல் கிறித்தவனின் சுதந்திரம் பற்றி எழுதிய நூலில், மரத்தையும் கனியையும் உவமையாக்கி, செயல் விசுவாசத்தின் விளைவு என்றார். கூலி கருதாதவனே அயலானுக்காக உழைக்க வல்லவன் என்பதே அதன் உட்பொருள்.

எனினும் லூதரும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். 1522இல் வெளியான தம் மொழிபெயர்ப்பில், உரோமர் 3:28இற் கிரேக்க மூலத்தில் இல்லாத ‘மாத்திரம்’ என்ற சொல்லைச் சேர்த்தார். விசுவாசம் மாத்திரம் போதாதெனும் யாக்கோபின் நிருபத்தையோ தாழ்த்தி மதிப்பிட்டார். ஆயின் யாக்கோபு சாடுவது, ஆடையும் உணவுமின்றி நிற்கும் சகோதரனுக்கு வாய்ச்சொல் மட்டும் வழங்கும் போலி விசுவாசத்தையே. பவுல் கூலியை மறுத்தார். யாக்கோபு போலியை மறுத்தார். இவற்றிடையே முரண் யாது?

விசுவாசத்தையே புதியதொரு புண்ணியமாக்கி, “நான் நம்பினேன், ஆதலின் பெற்றேன்” என இறுமாப்போரே இக்கோட்பாட்டின் மெய்ப்பகைவர். பணச்சீட்டின் இடத்தில் அவர்கள் மனச்சீட்டை வைத்துள்ளனர், சந்தை மாறவில்லை. ‘விசுவாசம் மாத்திரம்’ என்பதைக் கண்டித்த திரெந்துச் சங்கமும், விசுவாசமாயினும் செயலாயினும் நீதிமானாக்கும் அருளைச் சம்பாதிக்க வல்லதன்று என 1547இல் உரைத்தமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

அருளின்முன் எவருக்கும் தனியுரிமை இல்லையெனின், மனிதன் மனிதனை அடிமைகொள்ள உரிமை எங்ஙனம் உண்டாகும்? 1525இற் கிளர்ந்த ஜேர்மன் உழவர், கிறிஸ்து அனைவரையும் மீட்டாராதலின் பண்ணையடிமைத்தனம் ஒழிக என்றனர். லூதர் அதனை மறுத்தார். கிளர்ச்சியாளரை ஒடுக்குமாறு பிரபுக்களைத் தூண்டியும் எழுதினார். அவருடைய கோட்பாட்டின் சமூக விளைவை அவரினும் அவ்வுழவரே தெளிந்துணர்ந்தனர் எனல் மிகையாகாது.

1999இல் ஆக்ஸ்பேர்க் நகரிற் கத்தோலிக்கரும் லூதரன் உலக சம்மேளனத்தினரும் இக்கோட்பாடு பற்றிய கூட்டுப் பிரகடனத்திற் கைச்சாத்திட்டனர். இறையியலாளரின் பெரும்பிணக்குத் தணிந்தது. உழவர் எழுப்பிய வினாவோ இன்னும் விடை வேண்டி நிற்கின்றது.