பழைய ரெஸ்லிங் கேமும் சொந்த விதையும்

நெல்லு, மாடு, மழைன்னு எழுதுற பக்கத்துல இன்னைக்கு வீடியோ கேம் பத்தி எழுதப் போறேன். திட்டாதீங்க நண்பர்களே. கடைசி வரைக்கும் படிச்சா ஏன்னு புரியும்.

என் அக்கா மகன் லீவுக்கு வந்தா லேப்டாப்போடதான் வருவான். அவன் விளையாடுறது 'ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் வேர்ல்டு'. பார்த்தா முப்பது வருஷத்துக்கு முந்தின கேம் மாதிரி இருக்கும். ரிங் கோணலாத் தெரியும், ஆளுங்க எல்லாம் படத்துல வரைஞ்ச சின்னப் பொம்மைங்க. ஆனா இது வந்தது 2017-ல. காசு இல்லாமத்தான் இப்படிப் போட்டாங்களோன்னு தோணும். அப்படி இல்லை. 1989-ல ஜப்பானில் ஹியூமன் என்ற கம்பெனி தொடங்கிய கேமின் வம்சம் இது. அந்தக் கம்பெனி மூடிப்போச்சு. கேம் மட்டும் கை மாறி, இன்று ஸ்பைக் சுன்சாஃப்ட் பேரில் வருகிறது. முகம் மாறாமல் வருவதுதான் அதன் அடையாளம்.

பழசு மேல இருக்கிற பாசத்தாலதான் இதை விளையாடுறாங்கன்னு பலர் சொல்றாங்க. எனக்கு அது சரியாப் படலை. அக்கா மகனுக்குப் பழைய கேம் எதுவுமே தெரியாது. பாசம் எங்கிருந்து வரும்?

என் வயசுக்காரங்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு ஞாபகம் இருக்கும். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் எல்லாம் அச்சடிச்சு வரும். வந்த சீட்டை வெச்சு ஆட வேண்டியதுதான், நம்ம இஷ்டத்துக்கு ஒரு நம்பரைக்கூட மாத்த முடியாது. இந்த கேம் அதுக்கு நேர் எதிர். ஆளோட தலை, கை, கால், உடுப்பு எல்லாத்தையும் துண்டு துண்டா எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நாமே செய்யலாம். ரிங், ரெஃப்ரி, பெல்ட்டுகூட நம்ம இஷ்டம்தான்.

ஆனா உண்மையான ருசி அங்க இல்லை, 'லாஜிக்' என்ற பகுதியில் இருக்கு. ஆளுக்கு உடம்பு செஞ்சா போதாது, புத்தியும் வைக்கணும். எதிராளி லேசா அடிபட்டிருக்கும்போது எந்தப் பிடி எத்தனை சதவீதம், நல்லா அடிபட்டிருக்கும்போது எத்தனை சதவீதம்னு போட்டு, கூட்டினா 100 வரணும். ரிங்கை விட்டு வெளியே இறங்குவானா, ஆயுதம் தூக்குவானா, ஜெயிக்கிற நேரத்துல கூட்டத்தைப் பார்த்து வீராப்புக் காட்டுவானான்னும் முடிவு பண்ணலாம். எல்லாம் போட்டுட்டு, ரெண்டு பேரையும் கம்ப்யூட்டர் கையில் விட்டுட்டு, சும்மா உக்காந்து பார்க்கிறாங்க! விதைச்சுட்டு வரப்புல நின்னு பார்க்கிற மாதிரி.

கையில் எடுத்து ஆடுறவங்களுக்கும் அவசரம் உதவாது. உயிர் எவ்வளவு மிச்சம்னு காட்டும் கோடு திரையில் கிடையாது. எடுத்த எடுப்பில் பெரிய பிடி போட்டா எதிராளி திருப்பிடுவான். முதல்ல சின்ன அடி, அப்புறம் நடுத்தரம், அவன் தளர்ந்த பிறகுதான் பெருசு. பட்டனைப் படபடன்னு அமுக்கினாலும் தோத்துப் போவோம். சரியான நொடியில் அமுக்கணும்.

பொம்மை மாதிரிப் படம் இருக்கிறதை நான் குறையாப் பார்க்கலை. நிஜ மனுஷன் மாதிரி முகம் வேணும்னா அதுக்கு ஸ்கேன், பெரிய குழு, பெரிய பணம்னு வேணும். சின்னப் படமா இருந்தா எவன் வேணும்னாலும் ஒரு சாயங்காலத்தில் ஒரு ஆளைச் செஞ்சிடலாம், மிச்சத்தை மனசு நிரப்பிக்கும். நியூ ஜப்பான் வீரர்கள் முறைப்படி அனுமதியோடு இதில் வந்திருக்காங்க. ஆனா ரசிகர்கள் செஞ்சு, ஸ்டீம் வழியா இலவசமாப் பகிர்ந்த ஆளுங்க ஆயிரக்கணக்கில் இருக்காங்க. அதுதான் இந்த கேமை வாழ வைக்குது.

பெரிய கம்பெனிங்க வருஷா வருஷம் போடுற ரெஸ்லிங் கேம்லயும் ஆள் செய்யலாம். படம் கண்ணைப் பறிக்கும், ஒத்துக்கிறேன். ஆனா செஞ்ச ஆளை அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறதும் வாங்கிறதும் கம்பெனி சர்வர் வழியாத்தான். சில வருஷத்தில் சர்வரை மூடிடுறாங்க. அப்புறம் புதுசை வாங்கி, முதல்ல இருந்து தொடங்கணும். வீரிய ஒட்டு விதை வாங்கினவனுக்கு இது நல்லாப் புரியும். மகசூல் வரும். ஆனா அதுல எடுத்த விதையைப் போட்டா அதே குணம் வராது, அடுத்த போகத்துக்கு மறுபடி கடைக்குத்தான் போகணும். ஃபயர் ப்ரோவும் ஸ்டீமை நம்பித்தான் பகிருது. இருந்தாலும் ஒருமுறை இறக்கின ஆளு நம்ம கம்ப்யூட்டர்ல இருப்பான். நம்ம குதிர்ல இருக்கிற விதை மாதிரி.

இதில் கஷ்டமும் இருக்கு. மெனுவுக்குள் மெனு, எண்ணுக்கு மேல் எண். ஒரு ஆளை ஒழுங்காச் செய்ய மணிக்கணக்கு ஆகும். பொறுமை இல்லாதவன் பத்து நிமிஷத்துல மூடிடுவான்.

அக்கா, "இந்த உருப்படாத பொம்மையைக் கட்டிட்டு அழறான்"னு புலம்புது. நான் அப்படி நினைக்கலை. எவனோ செஞ்சதை வாங்கித் தேய்ச்சுட்டுத் தூக்கிப் போடுற காலத்துல, ஒரு பையன் உக்காந்து, யோசிச்சு, கணக்குப் போட்டு, ஒண்ணைத் தானே செய்யறான். அது சரியா வரலைன்னா எங்கே தப்புன்னு தேடித் திருத்தறான். படிப்பு கெடாம நேரத்தை அளவா வெச்சுக்கச் சொல்லுங்க, அது நியாயம். ஆனா வருஷா வருஷம் புது கேம் கேட்டு நச்சரிக்காம, 2017-ல வந்ததையே இன்னும் தோண்டிட்டு இருக்கிற பிள்ளையைத் திட்டாதீங்க. அவன் கையில் இருக்கிறது அவனோட சொந்த விதை.