பலம் எங்கே விற்கிறது?

சேலையூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். முத்து முத்தான கையெழுத்து, மூன்று பக்கம். அவருடைய பிள்ளை கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறான். தாம்பரத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் நேரம் கூடியிருக்கிறதே தவிர, கை என்னவோ இன்னும் முருங்கைக்காய் மாதிரிதான் இருக்கிறதாம். இப்போது 1,800 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கித் தரச் சொல்கிறான். "பயப்படாதேம்மா! இங்கிலீஷ் மருந்து இல்லை. எல்லாம் மூலிகை. கெடுதலே வராது" என்று சத்தியம் செய்கிறானாம்.

"மூலிகை என்றால் கொடுக்கலாம்தானே?" என்று கேட்கிறார் தாயார்.

கடிதத்தின் ஓரத்தில் நெருக்கி நெருக்கி ஒரு பின்குறிப்பு: "எனக்கு 46 வயது. பலகையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. சிரிக்காதீர்கள், இதற்கும் ஏதாவது மூலிகை உண்டா?"

நான் சிரிக்கவில்லை, அம்மா. முதலில் பிள்ளையின் டப்பாவைப் பார்த்துவிட்டு, பிறகு பின்குறிப்புக்கு வருகிறேன்.

டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் மூன்று பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றனவாம்: அசுவகந்தா, நெருஞ்சில், பட்டாணிப் புரதம்.

அசுவகந்தா என்று வடமொழியில் மிரட்டுவது வேறு யாருமில்லை, நம்முடைய அமுக்கராக் கிழங்குதான். அசுவம் என்றால் குதிரை. பச்சை வேரில் குதிரை வாடை அடிப்பதால் அந்தப் பெயர். சித்த வைத்தியர்கள் இதை அப்படியே இடித்துக் கொடுத்துவிடுவதில்லை. பாலும் தண்ணீரும் கலந்த பானையின் வாயில் துணியைக் கட்டி, அதன்மேல் பொடியை வைத்து, இட்லி அவிப்பது போல் அவித்து உலர்த்துகிறார்கள். பிறகுதான் சூரணம்.

அந்தச் சூரணத்தின் கணக்கு இல்லத்தரசிகளுக்குப் பிடிக்கும். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. கூட்டிப் பாருங்கள். மொத்தத்தில் பாதிக்குச் சற்று அதிகமாகவே சர்க்கரை! வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால், "மூலிகைதானே" என்று இரண்டு கரண்டி எடுத்துப் போட்டுக் கொள்ளலாமா? நீங்களே சொல்லுங்கள்.

இருக்கட்டும். அமுக்கராவினால் தசை வளருமா, வளராதா? 2015-ஆம் ஆண்டில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 57 ஆண்கள். எட்டு வாரம் எல்லோரும் எடை தூக்கிப் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேருக்கு அமுக்கரா வேரின் சாரம், தினம் இரண்டு வேளை, வேளைக்கு 300 மில்லிகிராம். மற்றப் பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி, ஆனால் மருந்தில்லாத மாத்திரை. மல்லாந்து படுத்து எடை தூக்குவதில், அமுக்கரா சாப்பிட்டவர்களின் பலம் சராசரி 46 கிலோ கூடிற்று. வெறும் மாத்திரைக்காரர்களுக்கு 26 கிலோ கூடிற்று.

விளம்பரக்காரர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள். நீங்கள் இரண்டாவது எண்ணையும் பாருங்கள். ஒன்றுமில்லாத மாத்திரையை விழுங்கியவர்களுக்கும் 26 கிலோ பலம் வந்ததே, அது எங்கிருந்து வந்தது? வியர்வையிலிருந்துதான்! அமுக்கரா உதவி செய்யலாம். ஆனால் உழைப்பவனுக்குத்தான் அது உதவி.

நெருஞ்சிலோ பாவம், நம் புறநகரில் வீடு கட்டாத மனைகளில் காலைக் குத்தும் அதே முள்தான். சித்த வைத்தியத்தில் அதற்கு நீர்க்கடுப்பு போன்ற வியாதிகளில் நல்ல மரியாதை உண்டு. ஆனால் 2007-இல் ஆஸ்திரேலியாவில் ரக்பி பந்தாட்டக்காரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்ததில், சாப்பிடாதவர்களைவிட அவர்களுக்குப் பலமும் கூடவில்லை, தசையும் கூடவில்லை.

பட்டாணிப் புரதம் பட்டாணிச் சுண்டலிலும் இருக்கிறது. கூடவே தேங்காயும் மாங்காயும் கிடைக்கும். டப்பாவில் எழுதியிருப்பதெல்லாம் உள்ளே இருக்கிறதா என்பதே சந்தேகம். 2024-இல் கேரளத்து மருத்துவர்கள் முன்னின்று, நம் நாட்டில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு எழுபது டப்பாக்களில் புரதக் கணக்கு சீட்டில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும், சிலவற்றில் பூச்சிமருந்தின் மிச்சமும் இருந்தன. அதே வருஷம், ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் உணவு வழிகாட்டியில், உடம்பைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாடவேண்டாம் என்று சொல்லிவிட்டது.

"மூலிகையால் கெடுதல் வராது" என்று பிள்ளை சொல்கிறானே, அது சரியா? நன்மை செய்யும் வலிமை உள்ள பொருளுக்குத் தீமை செய்யும் வலிமையும் இருக்கத்தானே செய்யும்? அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்தவர்கள் ஐந்து பேரைப் பற்றி ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-இல் எழுதினார்கள். அபூர்வம்தான், நிறுத்தியதும் குணமாயிற்று. டென்மார்க் அரசாங்கம் 2023-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. அவ்வளவு தூரம் நாம் பயப்பட வேண்டாம். ஆனால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தைராய்டுக்கும், நீரிழிவுக்கும், இரத்த அழுத்தத்துக்கும், தூக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வாயில் போடக் கூடாது.

வைத்தியருக்கு எங்கே போவது? சேலையூர்க்காரருக்கு அந்தக் கவலையே வேண்டாம். தாம்பரத்துக்கு உடம்பு தேறவென்றே ஜனங்கள் பிரயாணம் செய்து வந்த காலம் உண்டு. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். காசத்துக்கு மருந்தே கண்டுபிடிக்காத நாளில், நல்ல காற்றும் ஓய்வும் சத்துள்ள ஆகாரமுமே வைத்தியம். இன்றைக்கும் ரயில் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்றுதான் பெயர். அங்கே இறங்கினால் பக்கத்திலேயே மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், 2005-இல் திறக்கப்பட்டது. அதன் ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாச பண்டிதரின் பெயர். சித்த வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நாடி பிடித்துப் பார்த்துச் சொல்வார்கள். டப்பா நாடி பார்க்காது, அம்மா! பிள்ளையை ஒரு நாள் காலையில் அந்தச் சீட்டோடு அழைத்துப் போங்கள்.

அந்த 1,800 ரூபாயில் வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் உளுந்தும் வாங்குங்கள். முட்டை சாப்பிடும் வீடானால் முட்டையும். 50 கிராம் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 10 கிராம் புரதம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. ஒரு டம்ளர் பாலில் 6. பிள்ளை வாட்டசாட்டமாக வளர இவை போதும். ஜிம்முக்குத் தவறாமல் போகவேண்டும், நேரத்தோடு தூங்கவும் வேண்டும்.

இனி, ஓரத்தில் நெருக்கி எழுதிய அந்தப் பின்குறிப்பு. உண்மையில் கடிதமே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாற்பதை ஒட்டி நம் தசை மெள்ள மெள்ளக் குறைய ஆரம்பிக்கிறது. முதலில் தெரியாது. பலகையிலிருந்து எழும்போது கை தரையைத் தேடும். ரயிலடி மாடிப்படியில் கைப்பிடியைத் தேடும். "வயசாச்சு" என்று சொல்லி விட்டுவிடுவோம். வீட்டில் பலம் குறைந்துகொண்டிருப்பவர் ஒருவர். பலத்துக்கு டப்பா கேட்பவர் இன்னொருவர்! எல்லோருக்கும் பருப்பைப் பரிமாறிவிட்டு, மிஞ்சிய ரசத்தையும் மோரையும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்திருப்பவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தினம் சுமார் 42 கிராம் புரதம் வேண்டும். இன்றிரவு உங்கள் தட்டில் எவ்வளவு விழுந்தது என்று ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.

ஆகாரம் மட்டும் போதாது. அமெரிக்காவில் போஸ்டன் நகரத்து முதியோர் இல்லத்தில், சராசரி 87 வயதுள்ள 100 பேரை வைத்து நடத்திய பரிசோதனை 1994-இல் வெளியாயிற்று. பத்து வாரம் காலுக்கு எடைப்பயிற்சி செய்தவர்களின் தசைபலம் இரண்டு பங்குக்கு மேல் ஆயிற்று. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களின் பலவீனம் குறையவே இல்லை. 87 வயதில் முடிந்தது 46 வயதில் முடியாதா?

உலக சுகாதார ஸ்தாபனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. அதற்கு ஜிம் வேண்டாம். சுவரோரமாக ஒரு கெட்டியான நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள். பத்துத் தடவை, மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் பத்து. சுலபமாகிவிட்டால் மடியில் ஒரு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு இரண்டு கிலோ. நேற்றையதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்டால்தான் தசை கொடுக்கும். மூட்டுவலியோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், அம்மா. பிள்ளையின் கை எத்தனை அங்குலம் என்று எழுத வேண்டாம். பலகையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். ஆனால் அதை ஓரத்தில் நெருக்கி எழுதாதீர்கள். முதல் வரியாக எழுதுங்கள்.