எத்தனை நாள் போகும்?

கர்ப்பத்தைக் கலைத்துக்கொண்ட பெண்ணை வைத்து நான் கதை எழுதினால், அவள் செய்தது பாபமா இல்லையா என்று கேட்டுக் கடிதங்கள் குவிகின்றன. அப்புறம் அவளுக்கு ரத்தம் நின்றதா என்று ஒருவராவது கேட்டதில்லை. வாசக அன்பர்களின் தர்ம சிந்தனை அவ்வளவு உயரத்தில் சஞ்சரிக்கிறது! நான் கொஞ்சம் கீழே இறங்கி அந்தச் சில்லறைக் கேள்வியைக் கேட்கிறேன்.

மாத்திரை முறை என்பது என்ன? முதலில் மிஃபிப்ரிஸ்டோன் ஒன்று. ஒன்றிரண்டு நாள் கழித்து மிஸோப்ரோஸ்டால் நான்கு. ஒன்பது வாரத்துக்குள், டாக்டர் பார்த்துக் கொடுத்தால் ஆபத்துக் குறைந்த வைத்தியம்தான். சில மணி நேரம் பலமாகப் போகும். பிறகு இரண்டு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போய் நிற்கும். சிலருக்கு ஒரு மாதம்கூடக் கறை படலாம். ஆனால் மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, ஜுரம் விடாமல் அடித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே மிச்சம் தங்கியிருக்கலாம். அதை உறிஞ்சி எடுப்பது அநேகமாகச் சில நிமிஷ வேலை. இவ்வளவுதான் விஷயம். இதை அவளுக்கு யார் சொல்கிறார்கள்?

கொல்லிமலையில், குண்டனி நாட்டில் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். யாரோ கீழேயிருந்து மாத்திரை அட்டையை வாங்கி வந்து மடித்துக் கொடுக்கிறான். அட்டையில் இருப்பது இங்கிலீஷ். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்ற கடைக்காரர் வாய் திறப்பாரா? பத்தாம் நாளும் போகிறது. மாமியாரிடம் சொல்ல முடியாது. கண் இருட்டும்போதுதான் செம்மேட்டு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அங்கே முடியாதென்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர் ரத்தசோகைக்காரிகள். அந்த உடம்பில் சிந்துவதற்கு எவ்வளவு இருக்கிறது?

மாத்திரையைத் தடுத்துவிட்டால் போகிறது என்று ஒரு கனவான் யோசனை சொல்கிறார். மாத்திரை வருவதற்கு முன் எருக்கங்குச்சி இருந்தது, ஐயா! அந்தச் சாவுகளைக் கண்டுதான் 1964-ல் சாந்திலால் ஷா கமிட்டி உட்கார்ந்தது, 1971-ல் சட்டம் வந்தது. 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்பு ஒரு கோடியே 56 லட்சம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டார்கள். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தது. சட்டம் வந்து நாற்பத்து நான்கு வருஷம் கழித்தும் ஏன் வெளியே?

உள்ளே போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "புருஷன் எங்கே? கையெழுத்துப் போடச் சொல்லு." இதுதான் பல இடங்களில் முதல் கேள்வி. பதினெட்டு வயது நிரம்பி, சித்த சுவாதீனத்தோடு இருக்கும் பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்கிறது அதே சட்டம். அவள் பெயரை வெளியே விடும் டாக்டருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்கிறது 2021-ம் வருஷத்துத் திருத்தம். கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதம் கூடாது என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. கழுத்தில் தாலியைத் தேடும் கண்ணுக்கு இந்த எழுத்தெல்லாம் தெரிவதில்லை போலிருக்கிறது.

மலைக்குப் போகும் கிராம நர்ஸ், பிள்ளைத்தாய்ச்சியிடம் எத்தனையோ கேட்டு எழுதிக்கொள்கிறார். "எத்தனை நாளாகப் போகிறது?" என்பதையும் சேர்த்துக் கேட்கச் சர்க்கார் உத்தரவு போடட்டும். மாத்திரை அட்டையோடு தமிழில் ஒரு துண்டுத்தாளும், அதில் 108 வண்டியின் நம்பரும் இருக்கட்டும்.